உருமறைந்திருக்கும் உயிரினங்களைத் தேடிக் காண்பது எப்படி?

மரப்பட்டையில் ஒரு அந்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர் விரல் நீட்டிக் காட்டுகிறார். விரல் நுனியிலிருந்து ஒரு சாண் தூரம்தான். ஆனாலும் நமக்கு வெறும் பட்டைதான் தெரிகிறது. "இது இறக்கை, இது தலை" என்று அவர் காற்றில் கோடு போட்டுக் காட்டியதும் பூச்சி பளிச்சென்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாலும் முடியாது. கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. கண் அனுப்பும் படத்தில் எது எதோடு சேர்ந்தது என்று பிரித்துச் சொல்வது மூளையின் வேலை. அந்த இடத்தில்தான் பூச்சி நம்மை ஏமாற்றுகிறது.

புதிதாகத் தேடக் கிளம்புபவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைத் தேடுகிறார்கள். அதுதான் தவறு. நிறம் ஒத்துவராத பூச்சிகளைப் பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கித் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியிருப்பவற்றில் நிறம் ஏறக்குறைய கச்சிதமாகவே இருக்கும். ஆனால் ஓர் உடம்பு இருக்கிறது என்றால் அதற்கு நிழல் விழும், விளிம்பு இருக்கும், இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும், கண் இருக்கும், எப்போதாவது அசையும், தின்னும், கழிக்கும். இவை எல்லாவற்றையும் ஒருசேர மறைப்பது மிகக் கடினம். எந்த உயிர் எதை மறைக்கத் தவறுகிறது என்று பார்ப்பதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் அடிப்படை.

கையில் வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று, டார்ச் ஒன்று, நோட்டும் பென்சிலும், 30 செ.மீ. அளவுகோல். கேமரா செல்போனிலேயே இருக்கிறது. தொலைநோக்கி கட்டாயமில்லை. வைத்திருந்தால், 2 மீட்டர் தூரத்திலுள்ள பொருளையும் தெளிவாகக் காட்டுகிற ரகமா என்று பாருங்கள். 5 மீட்டருக்கு அப்பால்தான் தெளியும் என்றால் இந்த வேலைக்கு அது சுமைதான். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு தலையை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. 10 மடங்கு லென்ஸ் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில்தான் தெளிவு காட்டும். கிட்டப் போகப் பொறுமை இல்லாதவர்கள் லென்ஸைக் குறை சொல்வது வழக்கம்.

முதலில் சுவரைப் பாருங்கள்

எடுத்த எடுப்பில் மரத்துக்குப் போகாதீர்கள். இரவெல்லாம் விளக்கு எரிந்த வெளிச்சுவர் ஒன்றை விடிந்தவுடன் போய்ப் பாருங்கள். வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சிகள் சில வெளிறிய சுவரிலேயே உட்கார்ந்திருக்கும். மறைந்துகொள்ளப் பின்னணி இல்லாததால் அவற்றின் முழு வடிவமும் தெரியும். இறக்கையைத் தட்டையாக விரித்து முக்கோணமாக உட்காருபவை எவை, கூரைபோல் மடித்து உட்காருபவை எவை, முன்னங்கால்களை எங்கே வைக்கின்றன, உணர்கொம்பை வெளியே நீட்டுகின்றனவா இறக்கைக்கு அடியில் செருகிக்கொள்கின்றனவா என்று பத்து நிமிடம் பார்த்து, கோட்டுப்படமாக வரைந்துகொள்ளுங்கள். படம் அழகாக வர வேண்டியதில்லை. வெளிக்கோடு சரியாக இருந்தால் போதும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பறவைகளும் இப்படித்தான் கற்கின்றன. ஒருவகை இரையைச் சிலமுறை கண்டுபிடித்த பறவை, அதன் உருவத்தை மனதில் ஏற்றிக்கொண்டு அதையே தேடத் தொடங்கிவிடும் என்று 1960இல் வெளிவந்த ஆய்வில் பறவை ஆய்வாளர் லூக் டின்பெர்கன் விளக்கியிருந்தார். அதை மனத்தில் பதிந்த தேடுபடம் என்று வைத்துக்கொள்ளலாம். 1952இல் டி ரைட்டர் செய்த சோதனை இன்னும் வேடிக்கையானது. குச்சிபோல் விறைத்து நிற்கும் புழுக்களையும் நிஜக் குச்சிகளையும் கலந்து போட்டு, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜே பறவைகளை விட்டார். அவை புழுக்களைச் சீண்டவே இல்லை. தற்செயலாக ஒரு புழு காலில் மிதிபட்டு நெளிந்த பிறகுதான் கொத்தத் தொடங்கின. அதற்கப்புறம் குச்சிகளையும் சேர்த்துக் கொத்தின! உங்களுக்கும் இது நடக்கும். முதல் நாள் ஒன்றுமே கண்ணில் படாது. இரண்டாம் நாள் காய்ந்த சருகெல்லாம் பூச்சியாகத் தெரியும். இரண்டையும் கடந்து வர வேண்டும்.

ஒரே மரம், இருபது நிமிடம்

தோட்டம் முழுக்கச் சுற்றுவதைவிட ஒரே அடிமரத்தைக் கணுக்காலிலிருந்து தலை உயரம் வரை முழுச்சுற்றும் பார்ப்பது பலன் தரும். சொரசொரப்பான பட்டை, அதில் சாம்பல்பச்சைப் பொருக்காக லைக்கன் படர்ந்த மரமாக இருந்தால் நல்லது. வழவழப்பான பட்டையில் உட்கார்ந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அங்கே ஆட்கள் குறைவு. காலையில் வெயில் சாய்ந்து விழும்போது போங்கள். பூச்சிகள் இன்னும் குளிர்ந்து அசையாமல் இருக்கும், நிழலும் நீளமாக விழும். உச்சிவெயில் வேண்டாம்.

1. மூன்று மீட்டர் தள்ளி நின்று மரத்தின் இரு ஓரங்களை மட்டும் பாருங்கள். வானத்தின் பின்னணியில் பட்டையின் விளிம்பில் சிறு முண்டு, உணர்கொம்பு, வால்நுனி ஏதாவது துருத்திக்கொண்டு தெரிகிறதா? மரத்தைச் சுற்றி ஒவ்வோர் அடியாக நகர்ந்து இதையே செய்யுங்கள். மரப்பல்லிகளையும் பறக்கும் ஓணான்களையும் இப்படித்தான் பெரும்பாலும் பிடிபடச் செய்யலாம்.

2. ஒரு மீட்டர் தூரத்துக்கு வாருங்கள். தலையை மட்டும் இடமும் வலமுமாக ஒரு சாண் அளவு மெதுவாக ஆட்டுங்கள். பட்டையோடு ஒட்டிய கறை பட்டையோடுதான் நகரும். பட்டைக்கு மேல் சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் பொருள், பின்னணியைவிடச் சற்று வேறுபட்டு நகர்வதுபோல் தெரியும். கும்பிடுபூச்சியே ஆடி ஆடித் தூரத்தைக் கணிக்கிறது. நாமும் அதைத்தான் செய்கிறோம்.

3. அரை மீட்டரில், பட்டையின் கோடுகள் ஓடும் திசையைக் கவனியுங்கள். நெடுக்காக ஓடும் பிளவுகள் உள்ள மரத்தில், கோடுபோட்ட இறக்கையுள்ள அந்துப்பூச்சி அந்தக் கோடுகள் ஒத்துப்போகும் திசையில் திரும்பி உட்காரும். தென்கொரிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், சில அந்துப்பூச்சிகள் இறங்கிய இடத்தில் அப்படியே இருப்பதில்லை என்று கண்டார்கள். சற்று நடந்தும் திரும்பியும் உட்கார்ந்த பிறகு அவற்றைக் கண்டுபிடிப்பது மேலும் கடினமாகிறது என்றும் காட்டினார்கள். ஆகவே 'ஓடும் கோடு சட்டென்று நின்று, கையகலத்துக்குக் கீழே மறுபடி தொடர்கிறது' என்ற இடம் வந்தால் அங்கேயே நில்லுங்கள்.

4. சமச்சீரைத் தேடுங்கள். பட்டையில் தற்செயலாக விழுந்த கறை இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாக இருக்காது. நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரி இரண்டு புள்ளி, ஒரே சாய்வில் இரண்டு கோடு தெரிந்தால் அது உயிர்தான்.

5. கடைசியாக டார்ச். பகலிலும் மரநிழலில் இது பயன்படும். மரத்தை நோக்கி நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். டார்ச்சைப் பட்டையோடு ஒட்டினாற்போல் பிடித்து, வெளிச்சம் பட்டையை உரசிக்கொண்டு போகுமாறு பக்கவாட்டில் அடியுங்கள். மேடெல்லாம் நீள நிழல் விடும். பட்டையின் மேடு ஒழுங்கில்லாத நிழல் விடும். பூச்சியின் இறக்கை நேர்த்தியான ஒரு வளைகோடாக நிழல் விடும். அந்த நிழலை ஒழிக்கத்தான் பல்லிகள் சிலவற்றுக்கு உடலோரத்தில் தோல்மடிப்பு இருக்கிறது. மடகாஸ்கரின் இலைவால் பல்லிகள் அதைப் பட்டைமேல் பாய்போல் பரப்பி ஒட்டிக்கொள்ளும். விளிம்பு எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. அத்தகையவை டார்ச்சுக்கும் சிக்காது. அசையும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அடிமரத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையா? கிளைகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். இங்கிலாந்தின் பெப்பர்டு மாத், மிளகு தூவியதுபோல் இருக்கும் அந்துப்பூச்சி, உருமறைப்புக்குப் பேர்போன உதாரணம். அதன் கருப்பு வடிவம் மான்செஸ்டரில் 1848இல் பதிவானது. தொழிற்சாலைப் புகையால் மரங்கள் கருத்த பிறகு, 1895க்குள் அங்கே ஏறத்தாழ 98 சதவீதம் கருப்பாகிவிட்டது. காற்று சுத்தமானதும் வெளிறிய வடிவம் திரும்ப ஓங்கியது. பறவைகள்தான் காரணமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கக் கேம்பிரிட்ஜில் மைக்கேல் மஜெரஸ் 2007 வரை பல ஆண்டுகள் 4,864 பூச்சிகளை விட்டுக் கணக்கெடுத்தார். பறவைகள்தான் என்று உறுதியானது. நமக்கு உதவும் செய்தி அதன் ஓரத்தில் இருக்கிறது. மரத்திலேறி அவர் தேடிக் கண்ட பூச்சிகளில் ஏறத்தாழப் பாதி கிளைகளில் இருந்தன; அடிமரத்தில் இருந்தவை மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

இலையிலும் குச்சியிலும்

இங்கே புழுவைத் தேடாதீர்கள், புழு தின்றதைத் தேடுங்கள். கடித்த ஓரம் பச்சையாக, ஈரமாக இருந்தால் இன்றைக்கோ நேற்றோ கடித்தது. ஓரம் பழுப்பேறிக் காய்ந்திருந்தால் தின்றவர் போய் நாளாயிற்று; நேரத்தை வீணாக்க வேண்டாம். கீழே உள்ள இலைகளில் கருப்பாகவோ கரும்பச்சையாகவோ உருண்டையான புழுக்கை கிடக்கிறதா? விரலால் நசுக்கிப் பாருங்கள். ஈரமாக நசுங்கினால் செங்குத்தாக மேலே அண்ணாந்து பாருங்கள், ஆள் அங்கே இருக்கிறது. இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்கிப்பர் எனப்படும் துள்ளி வகைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள், புழுக்கையைப் பின்பக்கத்திலிருந்து சுண்டியடித்துத் தொலைவில் விழச்செய்யும். எச்சத்தின் வாசனை பிடித்து எதிரி வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அடுத்து, சூரியனை இலைக்குப் பின்னால் வைத்து அடியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் இலையில், மறுபக்கம் ஒட்டியிருக்கும் பூச்சியின் நிழலுரு தெளிவாகத் தெரியும். பச்சைமேல் பச்சையாக இருப்பது மேலிருந்து பார்ப்பவரைத்தான் ஏமாற்றும்.

குச்சி வேடம் போடும் புழுக்கள் தனி ரகம். முழம் போட்டு நடக்கும் புழு, பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, உடலை விறைப்பாகச் சாய்த்து நிற்கும். கிளைக்கும் அதற்கும் உள்ள கோணம் பக்கத்துக் குச்சிகளின் கோணத்தோடு ஒத்துப்போகும். கணு இருக்கும், மொட்டுபோல் முண்டு இருக்கும். மூன்று இடங்களில் பாருங்கள். குச்சி கிளையில் சேருமிடத்தில் மரம் தடித்து விரிந்திருக்க வேண்டும். புழுவானால் ஒரு கவ்வல் தெரியும், சிறு இடைவெளியும் இருக்கலாம். குச்சியின் நுனியில் மொட்டு இருக்கும். புழுவின் நுனியில் ஒடுக்கிச் சேர்த்துவைத்த மூன்று சோடிக் கால்கள் இருக்கும். நுனியிலிருந்து மெல்லிய பட்டிழை ஒன்று கிளைக்கு ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

இந்த வேடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். பட்டையில் அந்துப்பூச்சி இருக்கும்போது பறவைக்கு அது கண்ணிலேயே படவில்லை. குச்சிப்புழு விஷயத்தில் பறவை அதைப் பார்க்கிறது, ஆனால் 'குச்சி' என்று நினைத்து விட்டுவிடுகிறது. 2010இல் கோழிக்குஞ்சுகளை வைத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். நிஜக் கிளையை முன்பே பார்த்துப் பழகிய குஞ்சுகள் குச்சிப்புழுவைக் கொத்தத் தயங்கின. ஊதா நூல் சுற்றிய கிளையை மட்டுமே பார்த்திருந்த குஞ்சுகள் தயங்காமல் கொத்தின. சருகுபோன்ற பட்டாம்பூச்சி, எச்சம்போன்ற புழு, கல்போன்ற மீன் எல்லாம் இந்த ரகம்தான். இவற்றைத் தேடும்போது "இங்கே என்ன ஒளிந்திருக்கிறது?" என்று கேட்டுப் பயனில்லை. "இந்தச் சருகு ஏன் காற்றில் மற்றவை ஆடும்போது ஆடவில்லை?" என்று கேட்க வேண்டும்.

புழுவின் நிழற்சாயத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுவதால் உருண்டையான எதுவும் மேலே வெளிறியும் அடியில் இருண்டும் தெரியும். அப்படித்தான் நம் கண் உருட்சியை உணர்கிறது. பல விலங்குகளுக்கு மேற்புறம் அடர்நிறம், அடிப்புறம் வெளிர்நிறம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட, உருண்டை தட்டையாகிவிடுகிறது. 1896இல் அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் சர்க்கரைவள்ளிக்கிழங்குகளுக்கு வண்ணம் பூசி இதைச் செய்து காட்டினார். தலைகீழாகத் தொங்கும் புழுக்களுக்கு இந்தச் சாயமும் தலைகீழாகவே இருக்கும். எனவே அடிவயிறு இருண்டும் முதுகு வெளிறியும் உள்ள புழுவைக் கண்டால், அது கிளைக்கு அடியில் தொங்கும் பழக்கமுள்ளது என்று ஊகிக்கலாம். அதைக் கிளையோடு தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு நொடிக்கு முன் தட்டை இலைபோல் இருந்தது, திடீரென்று உருண்டு திரண்ட புழுவாகத் தெரியும். புழுவைத் தொட வேண்டாம். கிளையை மட்டும் வளைத்தால் போதும்.

பூவில் அசையாத தேனீ

தேனீ ஒரே பூவில் நெடுநேரம் அசையாமல், கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அதன் தலைக்கு அடியில் பாருங்கள். நண்டுச்சிலந்தி கழுத்தைப் பற்றியிருக்கும். சில வகைகள் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் மாறக்கூடியவை, ஆனால் நினைத்தவுடன் அல்ல, நாட்கணக்கில் ஆகும். ஆகவே மஞ்சள் பூவில் வெள்ளைச் சிலந்தி தெரிந்தால் அது புதிதாக இடம் மாறி வந்ததாக இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: யார் கண்ணுக்கு மறைகிறது? ஆஸ்திரேலியாவின் ஒரு நண்டுச்சிலந்தி நமக்கு வெள்ளைப் பூவோடு வெள்ளையாகக் கலந்துவிடுகிறது. புற ஊதாக்கதிரைப் பார்க்கும் தேனீக்கோ அது பளிச்சென்று எடுத்துக்காட்டும். அந்தப் பளிச்சே தேனீயை இழுக்கிறது. புலி நமக்கு ஆரஞ்சு. மானுக்கு இரண்டே வகை நிறவாங்கிகள் இருப்பதால் அதே புலி புல்லின் பச்சையோடு கலந்துவிடுகிறது. கணவாய் பின்னணிக்கேற்ப ஒரு நொடிக்குள் தோலின் வடிவத்தை மாற்றுகிறது, ஆனால் அதற்கே நிறக்குருடு. மணலில் சீரான நிறம், கூழாங்கல்லில் பொடிப்பொடியாகத் திட்டு, பெரிய கருப்புவெள்ளைக் கற்கள் இருந்தால் உடலைத் துண்டாடும் அகலப்பட்டை. பின்னணியின் வெளிச்சம், முரண், திட்டுகளின் அளவு ஆகியவற்றை வைத்தே இந்த மூன்றையும் அது சமாளிக்கிறது.

செல்போனில் எடுத்த படத்தைக் கருப்புவெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வண்ணத்தில் தெரிந்த உயிர் மறைந்துவிட்டால், அது நம்போன்ற மூன்று நிறக் கண்ணுக்கு எதிராக உருவானதல்ல. நேர்மாறாகவும் நடக்கும்: வண்ணத்தில் தெரியாதது கருப்புவெள்ளையில் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்கள், நிறக்குழப்பத்தால் மறைந்த வடிவங்களைச் சில வேளைகளில் மற்றவர்களைவிட எளிதாகக் கண்டுபிடிப்பார்கள் என்று 1992இல் ஒரு சோதனை காட்டியது. குழுவாகத் தேடப் போனால் அப்படி ஒருவரைக் கூட்டிச் செல்வது வீண்போகாது.

தரையில் தேடும்போது

தரையில் முட்டையிடும் ஆட்காட்டி, உப்புக்கொத்தி, பக்கி போன்றவற்றை நாம் தேடிப் போகக்கூடாது; தற்செயலாக எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதைத்தான் தெரிந்திருக்க வேண்டும். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தாலோ, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினாலோ, முட்டை உங்கள் காலருகே எங்கோ இருக்கிறது. அப்படியே நில்லுங்கள். காலைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தைக் கண்ணால் பாருங்கள், பிறகு வந்த காலடியிலேயே திரும்பிப் போங்கள். படமெடுக்க நின்றால் முட்டை வெயிலில் வெந்துபோகும், அல்லது காகம் உங்களைப் பார்த்தே இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

பக்கி, பாம்பு இரண்டுமே தம் உருமறைப்பை நம்பி மிதிபடும்வரை அசையாமல் கிடப்பவை. சருகு மூடிய இடத்தில் கண் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். கல்லையோ கட்டையையோ புரட்டும்போது உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறும். பார்த்ததும் இருந்தபடியே மூடிவிடுங்கள்.

இரவு

டார்ச்சை இடுப்பருகே பிடிப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நெற்றிப்பொட்டுக்கு அருகே, கண் மட்டத்தில் பிடியுங்கள். இரவு விலங்குகளின் கண்ணுக்குப் பின்னாலுள்ள பளபளப்பான படலம் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். டார்ச்சும் உங்கள் கண்ணும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அது தெரியும். புல்தரையில் நீலப்பச்சையாக மின்னும் ஊசிப்புள்ளிகள் ஓநாய்ச்சிலந்திகளின் கண்கள். பனித்துளியும் மின்னுமே என்று கேட்கலாம். டார்ச்சை ஒரு முழம் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்தால் சிலந்தியின் கண் அணைந்துவிடும். பனித்துளி தொடர்ந்து மின்னும்.

புற ஊதா டார்ச் வாங்குவதானால் 365 நானோமீட்டர் என்று குறித்ததை வாங்குங்கள். 395 நானோமீட்டர் ரகத்தில் ஊதா வெளிச்சம் கண்ணை மறைத்துவிடும். பகலில் மண்ணோடு மண்ணாக இருக்கும் தேள், இதில் பச்சைநீலமாக ஒளிரும். அண்மையில் தோலுரித்த தேள் ஒளிராது. எனவே ஒளி தெரியவில்லை என்பதால் கையை வைத்துவிடாதீர்கள். இலையோடு இலையாக இருக்கும் பச்சைப்புழுக்கள் பலவும் இதில் வெளிறி ஒளிர்ந்து மாட்டிக்கொள்ளும். கண்ணை நோக்கி அடிக்காதீர்கள், எந்த உயிரின்மேலும் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

கடலோரப் பாறைக்குட்டை

போனவுடன் குனிந்தால் எல்லாம் ஓடிவிடும். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். துருவப்படுத்திய கண்ணாடி அணிந்தால் மேற்பரப்பின் பளபளப்பு போகும். நீரோட்டத்துக்கு எதிராக நகரும் பாசிக்கொத்து, உடலிலுள்ள கொக்கிமுடிகளில் பாசியையும் கடற்பஞ்சையும் மாட்டிக்கொண்ட நண்டாக இருக்கும். மணலில் அருகருகே இரண்டு கண் தெரிந்தால் தட்டைமீன். கையை விட்டுத் துழாவாதீர்கள். கல்மீனின் முதுகுமுள் விஷமுடையது. அடித்தோல் தடித்த காலணி இல்லாமல் வெப்பக்கடலின் பாறைகளில் இறங்கவே கூடாது.

நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை

உருமறைப்பில் எது வேலை செய்கிறது என்பதைப் பறவைகளிடமே கேட்கலாம். 2005இல் ஆய்வாளர் இன்னஸ் கட்ஹில் குழுவினர் செய்ததன் எளிய வடிவம் இது. ஒரே இன மரங்கள் ஐந்தாறின் பட்டையை மேகமூட்டமான நாளில் படமெடுத்து, கருப்புவெள்ளையில் அச்சிட்டு, பட்டைநிறத் தாளில் நகலெடுங்கள். அந்துப்பூச்சியின் இறக்கைக்குப் பதிலாக, 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரமுள்ள முக்கோணங்களாக வெட்டுங்கள். ஒரு வகையில் கருந்திட்டுகள் விளிம்பைத் தொட்டு வெட்டுப்பட வேண்டும். இன்னொரு வகையில் அதே திட்டுகள் உள்ளேயே இருக்க வேண்டும். மூன்றாவது வகை திட்டே இல்லாத ஒரே நிறம். வகைக்கு 20, மொத்தம் 60.

பூச்சியின் உடம்புக்குப் பதிலாக, பறவை தின்னக்கூடிய இரை வேண்டும்: மாவு 3 பங்கு, கெட்டியான தாவரக் கொழுப்பு 1 பங்கு, சில துளி தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, ஒன்றரை செ.மீ. நீளம், பென்சிலில் பாதித் தடிமனில் உருட்டி, முக்கோணத்தின் அடியில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக் குண்டூசியால் பட்டையின் காய்ந்த மேற்பகுதியில் மட்டும் குத்துங்கள். மரத்துக்கு ஒன்று; அடுத்தடுத்த மரத்தில் வேண்டாம், 10 மீட்டராவது தள்ளி வையுங்கள். எந்த வகை எந்த மரத்துக்கு என்பதைத் தாயக்கட்டை உருட்டி முடிவுசெய்யுங்கள். 2, 6, 24 மணி நேரத்தில் போய்ப் பாருங்கள். நிலத்துக்குரியவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், முடிந்ததும் 60 ஊசிகளையும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

சொதப்பும் இடங்கள் இவை. உருண்டை உள்ளே குடையப்பட்டுக் கூடாகக் கிடந்தால் அது எறும்பு, கணக்கில் சேர்க்காதீர்கள். பளபளப்பான கோடு தெரிந்தால் நத்தை. உருண்டை முழுதாகப் போயிருந்தாலோ அலகு வெட்டிய தடம் இருந்தாலோதான் பறவை. தாள் சுருண்டு பட்டையை விட்டு எழும்பியிருந்தால் அதன் நிழல் எல்லா வகையையும் காட்டிக்கொடுக்கும். மூன்று வகைக்கும் ஒரே முடிவு வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். பளபளப்புத் தாள், ஈரத்தில் கரையும் மை இரண்டும் கூடாது. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வரிசையாகக் குத்தினால் ஒரே பறவை வரிசையாகத் தின்றுகொண்டே போகும்.

கட்ஹில் குழுவின் சோதனையில் விளிம்பில் திட்டுள்ளவையே அதிகம் தப்பின. உங்களுக்கு 20க்கு 9, 20க்கு 11 என்று வந்தால் அது தற்செயலாகவும் வரக்கூடிய வித்தியாசம். வேறு இடத்தில் மறுபடி செய்யாமல் முடிவு சொல்லாதீர்கள். 4க்கு எதிராக 15 என்றால் பேசலாம்.

தேடும்போது குழப்பும் கதைகள்

பச்சோந்தி எந்த நிறத்தில் வைத்தாலும் அந்த நிறமாகும் என்பது பொய். அதன் மாற்றத்தில் பெரும்பகுதி எதிரியை மிரட்ட, இணையை அழைக்க, சூட்டைச் சரிசெய்ய. தோலுக்குள் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளியை மாற்றித்தான் அது நிறம் மாற்றுகிறது என்று 2015இல் ஜெனீவாவில் கண்டறிந்தார்கள். வரிக்குதிரையின் கோடு சிங்கத்திடமிருந்து மறைய என்பதற்கும் ஆதாரம் வலுவாக இல்லை. கடிக்கும் ஈக்கள் கோட்டின்மேல் சரியாக இறங்க முடியாமல் தடுமாறுவதே இன்று வலுவான விளக்கம். மேலே சொன்ன தேயரும் ஒரு கட்டத்தில் எல்லை மீறினார். பூநாரையின் இளஞ்சிவப்பு அந்திவானத்தோடு கலப்பதற்காக என்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டே அவரோடு மல்லுக்கு நின்றார். ஒரு நல்ல விதியைக் கண்டுபிடித்தவருக்கு எல்லாமே அந்த விதியாகத் தெரிவது புதிதல்ல.

உருமறைப்பு தோற்கும் தருணங்களையும் தெரிந்துவைத்திருங்கள். பனிமுயலின் ரோமம் வெளுப்பது பனியைப் பார்த்தல்ல, பகலின் நீளத்தைப் பார்த்து. பனி தாமதமாக விழும் ஆண்டில் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் தனித்து நிற்கும், உயிர்பிழைப்பதும் குறையும்.

நோட்டில் எழுத வேண்டியது

நாள், நேரம், பின்னணி, தரையிலிருந்து உயரம், உடலின் நீளம், தலை எந்தத் திசையில், முதலில் எவ்வளவு தூரத்திலிருந்து தெரிந்தது. இவற்றோடு 'எது காட்டிக்கொடுத்தது' என்று ஒரு பத்தி: நிழலா, விளிம்பா, கண்ணா, அசைவா, எச்சமா. முப்பது நாற்பது பதிவு சேர்ந்ததும் இந்தப் பத்தியை மட்டும் எண்ணிப் பாருங்கள். அசைவு என்றே பெரும்பாலும் இருந்தால் நீங்கள் மிக வேகமாக நடக்கிறீர்கள். அசையாதவற்றையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

படமெடுக்கும்போது முதல் படம் உயிர் இருந்த இடத்தின் முழுப்பின்னணியோடு இருக்கட்டும், கிட்டப்படம் அப்புறம். நல்ல வெளிச்சத்துக்காக அதை வேறிடத்துக்கு நகர்த்தாதீர்கள். கூடு, முட்டை உள்ள படங்களைப் பகிரும்முன் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். அந்துப்பூச்சியின் இறக்கையோரத்தில் கிழிசல் ஏதும் இருந்தால் அதையும் வரைந்துவையுங்கள். மறுநாள் காலை அதே மரத்தில் அதே கிழிசலோடு ஒன்று உட்கார்ந்திருந்தால், எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளவுகோலால் அளந்து எழுதலாம்.